அடுப்படிக்குப் போன பரபக்கம்

எங்கள் ஒழுங்கையில் ஒரு தத்துவஞானி குடியிருந்தார் என்று இப்போது சொன்னால் உரும்பிராயில் பாதிப்பேர் சிரிப்பார்கள். ரீச்சர் குடியிருந்தார் என்றால் ஓம் என்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான்.

இந்தியாவுக்குப் போய் மெய்யியல் படித்துவிட்டு ரீச்சர் ஊருக்குத் திரும்பியது ஐம்பத்தாறில். அந்த வருஷம் நாடு முழுக்க மொழிப் பிரச்சினை. பஸ்ஸிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் வேறு கதை இல்லை. படித்துவிட்டு வந்த பிள்ளை என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் வீட்டுக்குப் போனார்களாம். ரீச்சர் அவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, "ஒரு சொல்லுக்கும் அது குறிக்கிற பொருளுக்கும் என்ன தொடர்பெண்டு முதலிலை யோசிச்சுக்கொண்டு வாருங்கோ. பிறகு மொழியைப் பற்றிக் கதைப்பம்" என்று அனுப்பிவிட்டார். யோசிக்கப் போனவர்கள் போனவர்கள்தான்.

மருதனார்மடம் சந்தையிலும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. "நல்ல கத்தரிக்காய் ரீச்சர், கொண்டு போங்கோ" என்று கூப்பிட்ட ஒரு மனிசியிடம், "நல்லதெண்டால் ஆருக்கு நல்லது?" என்று கேட்டிருக்கிறார். கத்தரிக்காய் அவருக்கு ஒத்துவராது, சாப்பிட்டால் நாக்குக் கடிக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். வெய்யிலில் குந்தியிருக்கிற பாவத்துக்கு அறவியல் வகுப்பு எடுத்தால் அந்த மனிசி என்ன செய்வாள்? பிறகு ரீச்சரின் குடை தூரத்தில் தெரிந்தாலே கத்தரிக்காய்க் கடகத்தைச் சாக்குப் போட்டு மூடிவிடுவாள் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ரீச்சர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பித்தவர். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்ததும் அவர் அங்கே போனார். அவர் விட்டுப்போன வகுப்பில், அவர் விட்டுப்போன வெண்கட்டித் துண்டை எடுத்து நான் அளவையியல் படிப்பிக்கத் தொடங்கினேன். அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது. எது எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஓர் எண்ணம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் பாருங்கள்.

ரீச்சர் கலியாணம் கட்டவில்லை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த தமக்கைதான் வீட்டைப் பார்த்தார். ஒழுங்கையில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் பெரியக்கா. உயரமான மனிசி, குரல் அதைவிட உயரம். தங்கச்சியும் தமக்கையும் ஒரு வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்தார்கள், அவ்வளவு காலமும் சண்டை பிடித்தார்கள். எங்கள் கிணற்றடியில் தண்ணி அள்ளிக்கொண்டு நின்றால் முழுதும் கேட்கும். நான் வேண்டுமென்றே மெதுவாக அள்ளியிருக்கிறேன்.

அந்தச் சண்டைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பொழுதுபட்டுக் குசினி அடுப்படியில் தொடங்கும். பெரியக்கா ஒன்று சொல்லுவார், ரீச்சர் ஒன்று சொல்லுவார், பெரியக்கா இன்னும் பெரிதாக ஒன்று சொல்லுவார். ரீச்சர் ஒன்றும் பேசாமல் எழும்பி அறைக்குள் போய்விடுவார். தோற்றுவிட்டார் என்று நினைக்கக்கூடாது. விடியத் தேத்தண்ணிக்கு வரும்போது மறுமொழியோடு வருவார். முதல், இரண்டு என்று விரல் மடித்துச் சொல்லுவார். "உதை ராத்திரியே சொல்ல வேண்டியதுதானே? ஆறின கஞ்சி மாதிரி விடியக் கொண்டு வாறாய்!" என்று பெரியக்கா கத்துவார். அதோடு அந்த விஷயம் முடியும். பொழுதுபட்டால் புதுசு.

எண்பதில் ஆடி அமாவாசைக்கு மறுநாள் விடிய ரீச்சர் தேத்தண்ணிக்கு வரவில்லை. நித்திரையிலேயே போய்விட்டார். நோய் நொடி என்று ஒரு நாளும் படுக்காத மனிசி.

செத்தவீடு, சாம்பல் எடுக்கிற காடாத்து எல்லாம் முறைப்படி நடந்தன. எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். ஊரில் யார் வீட்டு எட்டுச்செலவு என்றாலும் முன்னுக்கு நின்று இன்னது இன்னது வை என்று சொல்லுகிற பெரியக்கா, தன் தங்கச்சிக்கு வைக்கமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டார். கெஞ்சியும் பார்த்தார்கள், ஏசியும் பார்த்தார்கள். கடைசியில் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி வைத்தாள். "இருக்கேக்கை சண்டை, செத்தாப் பிறகும் வன்மம்" என்று சனம் வாசல் படலையடியில் நின்று கதைத்ததை நான் என் காதால் கேட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ஏன் வைக்கவில்லை என்று எனக்கும் தெரியாது.

அடுத்த நாள் பெரியக்கா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். வெளியூர் ஆட்கள் இதைக் கல்லில் வெட்டுவது என்று நினைப்பார்கள். இல்லை, சின்னப் புத்தகம். தேவாரம், செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, அழுகைப் பாட்டு எல்லாம் போட்டு அச்சடித்து, வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுப்பார்கள்.

"வரலாற்றை நீ எழுது பிள்ளை. அவளின்ரை கடுதாசியள் எல்லாம் உந்த அறைக்குள்ளை கிடக்கு. ஆனா எழுத முதல் எனக்கொரு விஷயம் பாக்கவேணும்."

"சொல்லுங்கோ பெரியக்கா."

அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆடி அமாவாசையன்று செத்துப்போன தகப்பனாருக்கு, ஐயாவுக்கு, படைத்திருக்கிறார். ஐயாவுக்கு விருப்பம் என்று கத்தரிக்காய்ப் பால்கறி. அன்று பொழுதுபட ரீச்சர், "சாப்பிடமாட்டாரெண்டு தெரிஞ்ச ஆளுக்கு ஏன் அக்கா சமைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். அதில் தொடங்கியது.

"நான் சொன்னன், ஐயா சாப்பிடமாட்டாரெண்டு எனக்குத் தெரியாதே, நான் என்ன மொக்கே? அவர் தின்னவெண்டு வைக்கேல்லை, வைக்காமல் இருக்க என்னாலை ஏலாமல் வைக்கிறன். நாளைக்கு நீ செத்தாலும் உனக்கும் வைப்பன். வேண்டாமெண்டால் வந்து சொல்லு எண்டு சொன்னன். ஒண்டும் பறையாமல் எழும்பிப் போனவள். விடிய மறுமொழி வரேல்லை. என்ரை கோதாரி விழுந்த வாய்! நாளைக்கு எண்டு நாள் குறிச்சுக் குடுத்த மாதிரி. கோவத்தோடை போட்டாளோ, என்ன நினைச்சுக்கொண்டு படுத்தாளோ, எனக்குத் தெரியவேணும். இந்தக் கையாலை அவளுக்கு எப்பிடி வைக்கிறது? நீ பார் பிள்ளை. எங்கையாவது அவள் எனக்கு மறுமொழி எழுதி வைச்சிருக்கிறாளோ எண்டு பார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படலையடிச் சனத்தை நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது.

ரீச்சரின் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கட்டில், ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு மேசை, மிச்சமெல்லாம் கடுதாசி. அலுமாரிக்குள், பெட்டகத்துக்குள், மேசை லாச்சிக்குள், கட்டிலுக்குக் கீழே பால்மா ரின்களுக்குள். எழுபதுகளில் கடுதாசித் தட்டுப்பாடு வந்தபோது நாங்களெல்லாம் கொப்பிக்கு வரிசையில் நின்றோம். ரீச்சர் நிற்கவில்லை. முன்பக்கம் அச்சடித்த எதற்கும் ஒரு பின்பக்கம் உண்டு என்பதுதான் அவர் கண்டுபிடித்த முதல் உண்மை போலிருக்கிறது. கலண்டர் தாள், கலியாண அழைப்பிதழ், பரீட்சை வினாத்தாள், மற்றவர்களின் கல்வெட்டு எல்லாவற்றின் முதுகிலும் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஊரில் ஆர் ஆரைக் கட்டினார்கள், ஆர் எப்போது செத்தார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம். ஆன்மா நித்தியமா என்று பார்க்க வேண்டுமென்றால் பின்பக்கம்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரங்களில் வகைப்படுத்தத் தொடங்கினேன். அளவையியல் ஆசிரியை அல்லவா! நிலத்தில் பாய் விரித்து இரண்டே கும்பம். ஒன்று தத்துவம்: "ஆன்மாவின் தொடர்ச்சி", "காரணமும் காரியமும்", "காணாததை அறிதல்" என்று செந்தமிழில் எழுதியவை. மற்றது வீட்டுக் குப்பை: சந்தைக் குறிப்பு, மாவிடித்த கதை, வடகம் காயவில்லை என்ற முறைப்பாடு, இப்படிப் பேச்சுத் தமிழில் கிறுக்கியவை. ஒரு பெரிய தத்துவஞானி தன் தேத்தண்ணிச் சண்டையையெல்லாம் குறித்து வைத்தாரா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மேசைக்கு மேலே, மூக்குக்கண்ணாடிக்குக் கீழே கிடந்த ஒரு கலியாண அழைப்புக் காட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய், வாழைக்காய், உப்பு என்று கண்ணில் பட்டது. அதையும் குப்பையில் போட்டேன்.

"உந்தக் கும்பம் என்ன செய்யிறது?" என்று பெரியக்கா கேட்டார்.

"உது தேவையில்லை பெரியக்கா. அடுப்பு மூட்ட வைச்சிருங்கோ."

அவர் அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் அல்ல. ஆனால் ரீச்சரின் பொடி எழுத்து அந்தக் கண்ணுக்குப் பிடிபடாது, கண்ணாடி போட்டால் கிழவி என்பார்கள் என்று போடவும் மாட்டார்.

நாலைந்து நாள் அப்படிப் போனது. இதற்கிடையில் மருதனார்மடத்து அச்சகக்காரர் அவசரப்படுத்தினார். "விஷயம் இல்லாட்டிப் பறவாயில்லை தங்கச்சி, எங்களிட்டை அமைப்பு இருக்கு" என்று ஒரு தாளைத் தந்தார். "கற்பிற் சிறந்து, கணவன் மனங்கோணாது, விருந்தோம்பி, நன்மக்களைப் பெற்று" என்று போனது. இவர் கலியாணமே கட்டவில்லை என்றேன். அச்சகக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, பேனையை எடுத்து, கணவனையும் மக்களையும் வெட்டிவிட்டு, "இப்ப விருந்தோம்பி எண்டது மட்டும் நிக்குது. காணுமோ?" என்று கேட்டார். மொழிப் பிரச்சினைக்கு வந்த பெரியவர்களை ரீச்சர் விருந்தோம்பிய விதம் எனக்கு நினைவு வந்தது. காணாது, இது போதாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தத்துவக் கும்பத்தை முதன்முதலாக ஒழுங்காக வாசிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் பிடிபடாத ஒன்று. எல்லாக் கட்டுரையும் நடுவில் தொடங்கியது. "அவ்வாறு கூறுதல் பொருந்தாது" என்று ஒன்று. "இது வலிமையான ஆட்சேபமே, எனினும்" என்று இன்னொன்று. "எதிராளி இங்கே என்னை மடக்கிவிட்டார், ஆறுதலாக விடை தேட வேண்டும்" என்று மற்றொன்று. எவ்வாறு கூறுதல்? எந்த ஆட்சேபம்? ஆர் இந்த எதிராளி? ரெலிபோனில் ஒரு பக்கத்துக் கதை மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. தாள்களில் இலக்கம் போட்டிருந்தார். ஒரு கட்டுரையாவது ஒன்றில் தொடங்கவில்லை. மூன்று, நாலு என்று போனது.

ஒன்றும் இரண்டும் எங்கே?

எங்கள் சைவ சித்தாந்தக்காரர் வாதம் செய்கிற முறை ஒன்று உண்டு. முதலில் எதிராளியின் கட்சியை, அவனே வந்து சொன்னாலும் அவ்வளவு நன்றாகச் சொல்லமாட்டான் என்கிற மாதிரி, குறைக்காமல் சொல்ல வேண்டும். அது பரபக்கம். அதற்குப் பிறகுதான் தன் கட்சி, சுபக்கம். இதை எனக்குப் படிப்பித்ததே ரீச்சர்தான். நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் இதைத்தான். அப்படிப்பட்ட நான், ரீச்சரின் பரபக்கம் முழுவதையும் அள்ளி அடுப்பு மூட்டக் கொடுத்திருந்தேன்.

"பெரியக்கா, அடுப்பை நூருங்கோ, எரிக்காதேங்கோ!" என்று கத்திக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

பெரியக்கா குந்தியிருந்து ஒரு கலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பறித்தேன். "என்னடி, உனக்கு விசரே?" என்றார். பாதிக்கு மேல் போயிருந்தது. சாம்பலைக் கிளறிப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பறித்த தாளை அங்கேயே நின்று வாசித்தேன்.

"நீ தலைக்கு வார்த்த எண்டைக்கு என்ரை வடகம் காய்ஞ்சது? நீ முழுகினால் மழை வரும். இருபது வருஷமாய்ப் பாக்கிறன். உன்ரை புத்தகத்திலை இல்லையெண்டாப் போலை மழைக்குத் தெரியாதே?"

பெரியக்கா எழும்பி வந்து தாளை எட்டிப் பார்த்தார். "உது நான் சொன்னதெல்லோ!"

"ஓம். காரணமும் காரியமும்."

"என்ரை வடகமோ?"

அடுத்ததை எடுத்தேன். மனிதர் கணத்துக்குக் கணம் மாறுகிறார், நேற்றைய ஆள் இன்று இல்லை என்று ரீச்சர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பெரியக்கா சொன்னது அச்சொட்டாக இருந்தது: "நேற்று என்னோடை சண்டை பிடிச்சவள் நீ இல்லையெண்டால் நேற்றையச் சொதியும் உனக்கில்லை. சட்டியை வை." கீழே ரீச்சர் சின்னதாக எழுதியிருந்தார்: எதிராளி என்னை மடக்கிவிட்டார்.

பெரியக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு சிரித்தார். நான் எரிந்துபோனவற்றுக்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்க, "சும்மா இரடி. மறுமொழி கிடக்குத்தானே? அதை வாசி, நான் என்ன சொன்னனானெண்டு எனக்குத் தெரியாதே?" என்றார். அன்று பின்னேரம் முழுக்க அதே வேலை. நான் "அவ்வாறு கூறுதல் பொருந்தாது" என்று ஒவ்வொரு கட்டுரையாக வாசிக்க, அவர் தான் அன்றைக்கு எவ்வாறு கூறினார் என்று சொல்லச் சொல்ல எழுதினேன். சிலதில் இப்போது வயது போனதால் இன்னும் காரம் கூடியிருந்தது. ரீச்சரின் மறுமொழி பிடிக்காத இடத்தில் என்னோடு சண்டைக்கு வந்தார். நான் என்ன செய்வேன், நான் வெறும் வாசிக்கிற ஆள்.

ஆனால் அவர் கேட்டது இதில் ஒன்றிலும் இல்லை. இருட்டுப் பட முதல் கடைசிக் கட்டுரையும் முடிந்தது. அவர் முகம் திரும்பவும் வாடியது.

"அந்தக் கடைசிச் சண்டைக்கு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

எனக்கு அப்போதுதான் மேசைக்கு மேலே கிடந்த கலியாணக் காட்டின் நினைவு பொறி தட்டியது. கத்தரிக்காய், வாழைக்காய், உப்பு. "பெரியக்கா, நான் தந்ததிலை ஒரு மொத்தமான கலியாணக் காட் இருந்தது..."

"உந்தக் காட்டுகளை ஆர் எரிக்கிறது? மொத்தக் கடுதாசி, நெருப்புப் பத்தாது, புகை மட்டும் வரும். தேத்தண்ணிக் கேத்திலுக்குக் கீழை வைச்சிருக்கிறன்."

கேத்திலைத் தூக்கினேன். வட்டமாகக் கறை பிடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை பொம்பிளை பெயர்கள் மேலே. திருப்பினேன். அதே பொடி எழுத்து. மேலே பரபக்கம். பெரியக்கா அன்றைக்குச் சொன்னது ஒரு சொல் பிசகாமல்: வைக்காமல் இருக்க என்னாலை ஏலாமல் வைக்கிறன். நாளைக்கு நீ செத்தாலும் உனக்கும் வைப்பன். வேண்டாமெண்டால் வந்து சொல்லு.

கீழே சுபக்கம். மற்றவையெல்லாம் நாலு பக்கம், ஐந்து பக்கம். இது மூன்று வரி. நான் வாசித்தேன்.

"மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அக்கா சொல்வதே சரி. எனக்குக் கத்தரிக்காய் வேண்டாம், நாக்குக் கடிக்கும். வாழைக்காய் பொரித்து வைக்கட்டும், உப்புக் கொஞ்சம் குறைத்து."

பெரியக்கா காட்டை வாங்கினார். வாசிக்க ஏலாது என்று தெரிந்தும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை. நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

கல்வெட்டில் நான் எழுதிய வரலாறு இரண்டு பக்கம்தான். ரீச்சர் எங்கே படித்தார், எங்கே படிப்பித்தார் என்று போட்டுவிட்டு, அவருடைய சிந்தனைக்கு வாழ்நாள் முழுக்க எதிராளியாக இருந்து அதை வளர்த்தவர் தமக்கையார் என்று ஒரு வரி எழுதினேன். அச்சகக்காரருக்கு அது பிடிக்கவில்லை. செத்தவீட்டுப் புத்தகத்தில் எதிராளி என்று போட்டால் சனம் காணிச் சண்டை என்று நினைக்கும் என்றார். பெரியக்கா நேரே போய் நின்று, "நான்தான் எதிராளி. போடும்" என்றார். போட்டார்.

அந்தியேட்டியன்று பெரியக்கா விடிய எழும்பி முழுகி, குசினிக்குள் ஒருவரையும் விடவில்லை. தலைவாழையிலை போட்டு ரீச்சரின் படத்துக்கு முன்னால் தன் கையாலேயே படைத்தார். படலையடிச் சனமெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தது. சோறு, பருப்பு, சொதி, உப்புக் குறைத்துப் பொரித்த வாழைக்காய். எல்லாம் வைத்து முடிந்தபிறகு ஒரு சின்னச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இலை ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தார். கத்தரிக்காய்ப் பால்கறி.

"பெரியக்கா, ரீச்சர்தான் வேண்டாமெண்டு எழுதியிருக்கிறாவே!" என்றேன்.

"எழுதினால் காணுமோ? நான் வந்து சொல்லு எண்டெல்லோ சொன்னனான்" என்றார் பெரியக்கா.

ஐயர் போய், வந்தவர்கள் சாப்பிட்டு, கல்வெட்டும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இலையை எடுக்கட்டுமா என்று ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி வந்து கேட்டாள். பெரியக்கா இலைக்கு முன்னால் பாயில் இருந்தபடி, "பொறு, கொஞ்சம் இருக்கட்டும்" என்றார். பின்னேரத் தேத்தண்ணிக்கு நேரமாகும் வரைக்கும் அவர் எழும்பவில்லை.